கட்டுரையைப் பிள்ளை எழுதட்டும்: கேள்வி-பதில்

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் தளமான காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று திறந்ததிலிருந்து, விண்ணப்பக் கட்டுரை பற்றிக் கடிதங்கள் குவிந்துவிட்டன. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: காமன் ஆப் கட்டுரையில் 650 சொற்களையும் நிரப்பியே ஆக வேண்டுமா? (மாணவர், ஈரோடு)

வேண்டாம். 250க்குக் குறையக் கூடாது, 650ஐத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். சொல்ல வந்தது 520இல் முடிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

கேள்வி: அதே கட்டுரையை பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூகாஸ் தளத்திலும் போட்டுவிட்டால் நேரம் மிச்சமாகுமே? (மாணவர், மதுரை)

யூகாஸ் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். 2026 சேர்க்கையிலிருந்து அங்கே ஒரே நீளக் கட்டுரை கிடையாது, மூன்று கேள்விகள். இந்தப் படிப்பு ஏன்? இதுவரை படித்தது அதற்கு எப்படிக் கைகொடுத்தது? வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள்? ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்துகள், மொத்தம் 4000 எழுத்துகள், இடைவெளியும் கணக்கில் சேரும். அமெரிக்காவில் உங்களைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள். பிரிட்டனில் உங்களுக்கும் பாடத்துக்கும் உள்ள உறவைப் பார்க்கிறார்கள். வேதியியல் கேட்கிறீர்களா? டைட்ரேஷனில் நிறம் மாறவைக்கும் அந்த ஒரு சொட்டைப் பற்றி எழுதுங்கள், தாத்தா வீட்டு மாமரத்தைப் பற்றி வேண்டாம். அப்புறம், நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து இடங்களுக்கும் ஒரே பதில்தான் போகும். எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் அதில் எழுதாதீர்கள்.

கேள்வி: அப்துல் கலாம் மேற்கோளோடு தொடங்கலாமா? (மாணவி, சேலம்)

வேண்டாம். கலாமுக்கு எங்கும் இடம் தேவையில்லை, உங்களுக்குத்தான் தேவை.

கேள்வி: பள்ளி, டியூஷன், வீடு. என் வாழ்க்கையில் எழுதும்படி எதுவுமே நடக்கவில்லை. என்ன செய்வது? (மாணவி, திண்டுக்கல்)

இந்தக் கேள்வி வராத ஆண்டே இல்லை. என்னிடம் வந்த ஒரு மாணவியும் இதையேதான் சொன்னார். அவருடைய முதல் வரைவு, சின்ன வயதிலிருந்தே சமூகசேவை என் கனவு என்று தொடங்கியது. பள்ளி விட்டதும் எங்கே போவீர்கள் என்று கேட்டேன். அப்பாவின் ஜெராக்ஸ் கடையில் ஏழு மணிவரை உட்காருவேன் என்றார். யார் யார் வருவார்கள் என்று கேட்டேன். ஒரு பாட்டி வருவாராம். சுருக்குப்பையிலிருந்து பட்டாவை எடுப்பார். எட்டாக மடித்தது, மடிப்பெல்லாம் கிழிந்தது. மெஷினில் வைக்கும்வரை அதன் மேலிருந்து கையை எடுக்க மாட்டார். "நகல் எடுத்தா எழுத்து மங்கிடுமா பாப்பா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

கட்டுரை அங்கேதான் இருந்தது. ஒரு காகிதத்தின் மேல் மனிதருக்கு ஏன் இவ்வளவு பயம், விண்ணப்பப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எல்லோரும் திணறுகிறார்கள், அதை வாசித்துச் சொல்ல இவர் எப்போது ஆரம்பித்தார் என்று எழுதினார். சமூகசேவை என்ற சொல்லே கட்டுரையில் இல்லை.

ஒரு நாள், ஒரு இடம், ஒரு ஆள். அங்கிருந்து தொடங்குங்கள். எழுதி முடித்ததும் சத்தமாக வாசித்துப் பாருங்கள். நாக்கு இடறும் இடம் உங்கள் மொழி இல்லை.

கேள்வி: ஒரு கன்சல்டன்சி 40 ஆயிரத்துக்கு என் மகனின் கட்டுரையை எழுதித் தருவதாகச் சொல்கிறது. அவனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. கொடுக்கலாமா? (தந்தை, கோவை)

கொடுக்காதீர்கள் ஐயா. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. ஒரு வருடம், ஒரே வாரத்தில் இரண்டு பையன்கள் கட்டுரையைப் பார்த்துத் தரச் சொல்லி வந்தார்கள். இரண்டிலும் தாத்தாவின் ஓடாத கைக்கடிகாரம். ஊர் மட்டும் வேறு. இருவரும் ஒரே அலுவலகத்தில் பணம் கட்டியவர்கள். அதில் ஒருவனிடம், தாத்தாவைப் பற்றிச் சொல்லேன் என்றேன். அவன் பிறப்பதற்கு முன்பே அவர் இறந்துவிட்டாராம். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவன் பணத்தை மட்டும் இழக்கவில்லை. நீ எழுதினால் எடுபடாது என்று அவன் வீடே அவனுக்குச் சொல்லிவிட்டது.

மாட்டிக்கொள்வதும் சாதாரணமாக நடக்கிறது. 2007இல் யூகாஸ் சோதித்துப் பார்த்தபோது, மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்த 234 பேர், எட்டு வயதில் பைஜாமாவில் தீப்பட்டு ஓட்டை விழுந்த ஒரே கதையை எழுதியிருந்தார்கள். விண்ணப்பங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க அங்கே மென்பொருள் இருக்கிறது. காமன் ஆப்பிலும், இது என் சொந்த எழுத்து என்று மாணவர்தான் கையெழுத்திடுகிறார், கன்சல்டன்சி இல்லை.

திருத்துகிறேன் என்று உட்காரும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஒரு பையன், சைக்கிள் செயினை மாட்ட முடியாமல் ரோட்டோரம் அழுததை எழுதியிருந்தான். கிரீஸ் பட்ட கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கறுப்பு. அப்பா அந்த வரியை அடித்துவிட்டு "பெர்சிவியரன்ஸ்" (விடாமுயற்சி) என்று ஒரு சொல்லை வைத்திருந்தார். கிரீஸும் போய்விட்டது, பையனும் போய்விட்டான்.

உங்கள் மகனின் ஆங்கிலம் போதும். எளிய வாக்கியங்கள் போதும். எழுத்துப்பிழை இருந்தால் காட்டுங்கள், புரியாத இடத்தில் கேள்வி கேளுங்கள். பேனாவை மட்டும் வாங்காதீர்கள்.

கேள்வி: சாட்ஜிபிடி பயன்படுத்தலாமா? (மாணவர், திருச்சி)

எழுத்துப்பிழை பார்க்க, சரி. எழுதவைக்க, கூடாது. அது எழுதியதைத் தன் எழுத்தாகக் காட்டுவதைக் காமன் ஆப் 2023இலேயே மோசடிப் பட்டியலில் சேர்த்துவிட்டது. மேலே தந்தைக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

கேள்வி: டெங்குவால் பதினொன்றாம் வகுப்பில் மதிப்பெண் விழுந்துவிட்டது. கட்டுரையில் விளக்கலாமா? (மாணவி, தஞ்சாவூர்)

முக்கியக் கட்டுரையில் வேண்டாம். காமன் ஆப்பில் இதற்கென்றே 250 சொற்களுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. எந்த மாதம், எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை, அதன்பின் மதிப்பெண் எப்படி ஏறியது என்று நாலைந்து வரியில் எழுதுங்கள்.

கேள்வி: பெர்க்லிக்கும் காமன் ஆப்பிலேயே அனுப்பலாம்தானே? (மாணவர், சென்னை)

முடியாது. பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம், அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம். எட்டுக் கேள்விகளில் நான்குக்குப் பதில், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 350 சொற்கள். நான்கிலும் ஒரே கதையைச் சொல்லாதீர்கள். இங்கேயும் சத்தமாக வாசிக்க மறக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு எல்லாமே தமிழில்தான் தோன்றுகிறது. முதலில் தமிழில் எழுதிப் பார்க்கலாமா? (மாணவி, நாகர்கோவில்)

தாராளமாக. நடந்தது தமிழில் என்றால் நினைவும் தமிழில்தான் வரும். ஜெராக்ஸ் கடை மாணவி பாட்டியின் கேள்வியை முதலில் தமிழில்தான் எழுதிவைத்தார். ஆங்கிலத்துக்கு மாற்றும்போது "பாப்பா" என்ற சொல்லுக்கு எதுவும் பொருந்தவில்லை. அதை அப்படியே விட்டு, கடைக்கு வரும் முதியவர்கள் என்னை இப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று ஒரு வரி சேர்த்தார்.