நாலு பேரிடம் யோசனை கேட்டால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. யார் சொல்வதை எவ்வளவு எடுத்துக்கொள்வது?

கேட்கும் முறையைக் கொஞ்சம் மாற்றினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பழைய கார் வாங்குவதை எடுத்துக்கொள்வோம், கணக்குப் போட்டுப் பார்க்க வசதி.

ஒரு வண்டிக்கு 3,20,000 ரூபாய் தரலாம் என்பது உங்கள் எண்ணம். தெரிந்த மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, 2,60,000க்கு மேல் போகாதீர்கள் என்கிறார். பெரும்பாலோர் 3,05,000 வரை இறங்குவார்கள், அதோடு சரி. மதிப்பீட்டுச் சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிவது இதுதான்: நம் எண்ணுக்கும் அடுத்தவர் எண்ணுக்கும் இடையிலான தூரத்தில் 20 முதல் 30 சதவீதம் அளவுக்கே நகர்கிறோம். இலான் யானிவும் எலி கிளைன்பெர்கரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சொல்லும் காரணம் எளிமையானது. உங்கள் எண்ணுக்குப் பின்னால் உள்ள நியாயம் முழுக்க உங்களுக்குத் தெரியும். அவர் மனதில் ஓடிய கணக்கு தெரியாது. எண் மட்டும்தான் வந்து சேர்கிறது.

அதனால் "எவ்வளவு தரலாம்?" என்பதோடு நிறுத்தாமல் "எதை வச்சுச் சொல்றீங்க?" என்று கேளுங்கள். கிளட்ச் வழுக்குகிறது, நாலு டயரும் மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னதும், அந்த 60,000 எங்கே போகிறது என்று உங்களுக்கே புரியும்.

இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு விவரம் தெரியும் என்றால் கூட்டிப் பாதியாக்குங்கள்: 2,90,000. ஒருவர் கூடுதலாகவும் மற்றவர் குறைவாகவும் தவறியிருந்தால் பிழைகள் கழிந்துபோகும். இருவரும் ஒரே பக்கம் தவறியிருந்தாலும், சராசரி அதிகம் தவறியவரின் எண்ணைவிட மோசமாகாது. இங்கிலாந்தின் பிளிமத் கண்காட்சியில் ஒரு எருதை வெட்டிச் சுத்தம் செய்தபின் எவ்வளவு எடை தேறும் என்று போட்டி வைத்தார்கள். தேறிய 787 சீட்டுகளைப் புள்ளியியல் அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1907-இல் அலசினார். சீட்டுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நின்றது 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198.

அங்கே அவரவர் கணிப்பை அவரவர் சீட்டில் எழுதிப் போட்டார்கள். நாம் சொதப்புவது இந்த இடத்தில்தான். "மூணு இருபது வரும்னு நினைக்கிறேன், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டால், அவரும் உங்கள் எண்ணைச் சுற்றியே நிற்பார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டாலும் இதே கதை. பெரியப்பா சொன்னதைப் படித்துவிட்டுத்தான் மற்றவர்கள் பதில் போடுவார்கள். ஆகவே உங்கள் எண்ணை முதலில் தாளில் எழுதி மடித்து வையுங்கள். வெளியே சொல்லாமல் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். மூன்று பேர் ஒரே வீடியோவைப் பார்த்துவிட்டுச் சொன்னால் அது ஒரே யோசனைதான், மூன்றல்ல.

பாதியாக்குவது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. எஞ்சினைத் திறந்து பார்த்தவர் இருக்கும்போது, அதன் நிலையைப் பற்றிய உங்கள் ஊகத்துக்கு இடமே இல்லை. அங்கே அவர் சொல்வதை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். அடித்துப் பேசுகிறவர் எல்லாம் தெரிந்தவர் என்றும் நினைக்க வேண்டாம். "குறைஞ்சது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு?" என்று கேட்டால், அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது வெளியே வந்துவிடும்.

கமிஷன் வாங்குகிறவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். "எனக்கு இதுல கமிஷன் உண்டு" என்று அவரே சொல்லிவிட்டால் நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. கேன், லோவன்ஸ்டீன், மூர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட சோதனையில், ஜாடியில் எவ்வளவு காசு இருக்கிறது என்று சிலர் ஊகிக்க வேண்டும். ஜாடியை அருகில் பார்த்த ஆலோசகர்கள் உதவுவார்கள். ஊகிப்பவர் தொகையைக் கூட்டிச் சொன்னால் ஆலோசகருக்கு லாபம் என்று ஒரு பிரிவில் வைத்தார்கள். அந்த லாபத்தை வெளிப்படையாக அறிவித்தபோது ஆலோசகர்கள் இன்னும் கூட்டிச் சொன்னார்கள். கேட்டவர்கள் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் அந்தக் கழிவு போதவில்லை. எனவே புரோக்கர் சொல்லும் விலையை உங்கள் சராசரியில் சேர்க்கவே வேண்டாம், ஆர்.சி. புத்தகம், சர்வீஸ் ரசீது, இன்சூரன்ஸ் போன்ற விவரங்களை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை, கல்யாணம் மாதிரி எண்ணில் அடங்காத முடிவுகளுக்கு "நான் என்ன செய்யட்டும்?" என்பதைவிட "இதுல நான் எதைப் பார்க்காம விட்டிருக்கேன்?" என்ற கேள்வி அதிகம் உதவும்.

சொன்னபடி செய்யவில்லை என்று பிறகு மனத்தாங்கல் வரலாம். அதனால் கேட்கும்போதே "இன்னும் ரெண்டு பேர்கிட்டயும் கேட்கப்போறேன் அண்ணா" என்று சொல்லிவிடுங்கள்.