மார்கழிக்கு ஏன் 29 நாள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆனிக்கு 32 நாள், மார்கழிக்கு 29 நாள். இங்கிலீஷ் மாதம் மாதிரி 30, 31 என்று ஒழுங்காக வைத்திருக்கக் கூடாதா என்று கேட்கிறாள் என் மகள். பாலக்காட்டில் அக்கா வீட்டில் சில மாதங்கள் நமக்கு மறுநாள்தான் பிறக்கின்றன. அது ஏன்?

– ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

மகளைப் பாராட்டினேன் என்று சொல்லுங்கள். பஞ்சாங்கத்தை நாளும் புரட்டுகிறவர்கள்கூட இதைக் கேட்பதில்லை.

சூரியன் ஒரு ராசிக்குள் நுழையும்போது நம் மாதம் பிறக்கிறது. அடுத்த ராசிக்குப் போகும்போது முடிகிறது. ராசி ஒவ்வொன்றும் சரியாக 30 பாகை. ஆனால் அதைக் கடக்கும் வேகம் மாறுகிறது. பூமி சுற்றுவதால்தான் சூரியன் ராசி விட்டு ராசி நகர்வதுபோலத் தெரிகிறது; பூமியின் வேகம்தான் அதன் வேகம். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில், விரைந்து ஓடுகிறது. ஜூலை முதல் வாரத்தில் 15.2 கோடி கிலோமீட்டருக்கு விலகி மெதுவாகிறது. முதலாவது மார்கழியில் வருகிறது, இரண்டாவது ஆனியில். சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூலின் கணக்கில் மார்கழி 29.32 நாள், ஆனி 31.64 நாள். ஜெர்மன் வானியலாளர் கெப்ளர் 1609-இல் நீள்வட்டப் பாதையைச் சொல்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம்மவர்கள் இந்த வேக மாற்றத்தைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு இது இன்றும் பெரிய வியப்பு.

பிப்ரவரியின் 28 நாளுக்கு வானத்தில் காரணம் எதுவும் கிடையாது. அது ரோமர்கள் செய்த ஏற்பாடு. அகஸ்டஸ் அதிலிருந்து ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டார் என்பது வெறும் கதை. அவருக்கு முன்பும் 28தான்.

ஆனால் பருவத்தைப் பிடிப்பதில் கிரிகோரியன் நாட்காட்டிதான், அதாவது உங்கள் மகள் சொல்லும் இங்கிலீஷ் நாட்காட்டிதான், கெட்டி. நம்முடையது நட்சத்திரங்களை வைத்து அளந்த ஆண்டு. பருவ ஆண்டைவிடச் சுமார் 24 நிமிடம் அதிகம். 60 ஆண்டுக்கு ஒரு நாள் பிந்துகிறோம். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22 வாக்கில். நாம் உத்தராயணம் என்று கொண்டாடுவது தை முதல் நாளில். வானியற்பியலாளர் மேகநாத் சாஹா தலைமையிலான குழு இதைச் சரிசெய்யப் பரிந்துரைத்தது. 1957-இல் தேசிய நாட்காட்டியும் வந்தது. அரசிதழில் இருக்கிறது, வீடுகளுக்கு வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

பாலக்காட்டு விஷயம் எளிது. சங்கிரமணம், அதாவது சூரியன் ராசி மாறுவது, சூரிய அஸ்தமனத்துக்குள் நடந்தால் நமக்கு அன்றே ஒன்றாம் தேதி. மலையாளக் கணக்கில் உதயத்திலிருந்து 18 நாழிகைக்குள், அதாவது பகல் ஒன்றேகால் மணி வாக்குக்குள், நடந்தாக வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கு நடந்தால் உங்களுக்கு அன்று, அக்காவுக்கு மறுநாள். நேரம் பஞ்சாங்கத்திலேயே போட்டிருக்கும். அடுத்த மாதப் பிறப்பை மகளையே கணித்துச் சொல்லச் சொல்லுங்கள்.