இரண்டு பட்டத்துக்கும் சேர்த்து ஒரு வருடம்தான், தங்கச்சி

மும்பை செம்பூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள்: "பல் மருத்துவம், பிடிஎஸ் முடித்துவிட்டேன் அக்கா. அமெரிக்காவில் சர்வதேச ஆய்வுகள் எம்.ஏ.வும் பொதுச் சுகாதாரம் எம்.பி.எச்.சும் சேர்ந்த மூன்று வருட இரட்டைப் பட்டத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. போகலாமா? குளிர் தாங்குமா? குக்கர் எடுத்துப் போகவா?"

குக்கர் எடுத்துப் போ. கோட்டு அங்கே போய் வாங்கிக்கொள், மும்பையில் விற்பது அந்தக் குளிருக்குப் போதாது. மற்றதைத்தான் நான் உட்கார்ந்து பேசவேண்டும். லீவில் வந்து ஆண்டாப் ஹில்லில் அப்பா வீட்டில் இருக்கிறேன், நேரம் இருக்கிறது.

நானும் இதே இரட்டைப் படிப்புக்குத்தான் 2010 ஆகஸ்டில் பாஸ்டனில் இறங்கினேன். அந்த ஊரில் மாணவர்கள் தங்கும் வீடுகளுக்குப் பெரும்பாலும் செப்டம்பர் 1ஆம் தேதிதான் ஒப்பந்தம் தொடங்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆல்ஸ்டனில் ஒரு சீனியர் வீட்டுக் கூடத்தில் 9 நாள் படுத்துக் கிடந்தேன். அப்புறம் வீடு பார்க்கப் போனால், முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, ஒரு மாத அட்வான்ஸ், புரோக்கருக்கு ஒரு மாதம் என்று நான்கு மாதப் பணத்தை மொத்தமாகக் கேட்டார்கள். என்னிடம் இருந்தது இரண்டு மாதத்துக்கு. புரோக்கரை யார் அமர்த்தினார்களோ அவர்கள்தான் பணம் தரவேண்டும் என்று 2025 ஆகஸ்டில் அங்கே சட்டம் வந்துவிட்டது. அதற்குள் எத்தனை பிள்ளைகள் அந்தப் பணத்துக்காகக் கடன் வாங்கினார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

சரி, விசா விஷயத்துக்கு வருகிறேன். தனித்தனியாகப் படித்தால் நான்கு வருடம், சேர்த்துப் படித்தால் சில பாடங்கள் இரண்டு பக்கமும் கணக்காகி மூன்று வருடம். இதைக் கல்லூரியே சொல்லும். படித்து முடித்ததும் வேலை பார்க்கத் தரும் ஓபிடி அனுமதி ஒரு கல்வி மட்டத்துக்கு ஒருமுறை, 12 மாதம் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. உன் இரண்டு பட்டமும் முதுகலை, ஒரே மட்டம். அதனால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு வருடம்தான். அந்த வருடத்திலும் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக்கூடாது. ஸ்டெம் என்கிற அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதப் படிப்புகளின் பட்டியலில் உள்ள படிப்பென்றால் இன்னும் 24 மாதம் கிடைக்கும். தொற்றுநோயியலும் உயிர்ப்புள்ளியியலும் அந்தப் பட்டியலில் உண்டு. பொதுவான பொதுச் சுகாதாரமும் சர்வதேச உறவுகளும் இல்லை. விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 தாளில் உன் படிப்புக்கு ஒரு குறியீடு இருக்கும். லோனில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதைப் பார். எனக்கு அது தெரிய வந்தபோது மூன்றாவது வருடம் பாதி ஓடியிருந்தது. கல்லூரியில் ஆலோசகர் என்று ஒருவர் இருந்தார், நான் கேட்காததால் அவர் சொல்லவில்லை. 71ஆவது நாளில் ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை கிடைத்தது. பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றைச் சார்ந்த லாப நோக்கில்லாத மருத்துவமனைகளுக்கும் எச்-1பி என்ற வேலை விசாவில் மற்ற கம்பெனிகளுக்கு இருப்பதுபோல் எண்ணிக்கை வரம்பு கிடையாது, குலுக்கலும் கிடையாது. அதனால் தப்பித்தேன்.

லோனுக்கு நீ படிக்கும்போதே வட்டி ஓடும். மூன்றாவது வருடம் என்பது இன்னொரு வருட ஃபீஸ், வாடகை, வட்டி, சம்பளமில்லாத 12 மாதம். அந்தக் கணக்கை அப்பா முன்னால் வைத்துப் போடு.

இன்னொன்று. உலகச் சுகாதாரத் துறைக்கு மற்ற எந்த நாட்டையும்விட அதிகமாகச் சோறு போட்டது அமெரிக்க அரசின் பணம். 1961இல் தொடங்கிய அவர்களுடைய வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்ட் 2025 ஜூலை 1ஆம் தேதியோடு நின்றுபோனது. பத்துப் பதினைந்து வருட அனுபவமுள்ள என் நண்பர்களே வேலை தேடுகிறார்கள். நீ படித்து முடித்து வரும்போது அவர்களும் அதே வரிசையில் நிற்பார்கள்.

பல் டாக்டராயிற்றே, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எம்.பி.எச். வைத்துக்கொண்டு அங்கே ஒரு பல்லைக்கூடப் பிடுங்க முடியாது. அதற்கு லைசென்ஸ் வேண்டும், பெரும்பாலான மாநிலங்களில் அந்த நாட்டுப் பல் மருத்துவப் பட்டமும் வேண்டும். நம் ஊர் பிடிஎஸ் பிள்ளைகள் பலர் எம்.பி.எச்.சை அதற்கான ஏணியாகத்தான் எடுக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நுழைவுத் தேர்வுக்குப் படிப்பார்கள். நம்மவர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு: மும்பை மாட்டுங்காவில் உள்ள வீட்டுக்கு போன் போடும்போது பனியையும் காரையும் சொல்வார்கள், 90 நாள் கணக்கைச் சொல்லமாட்டார்கள். அவர்கள் மறைத்ததை நம்பித்தான் அடுத்தவர் வீட்டை அடமானம் வைக்கிறார்.

பொதுச் சுகாதாரம் மட்டும் போதுமென்றால் உன் வீட்டிலிருந்து ரிக்‌ஷா தூரத்தில் தேவ்னாரில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கேயே எம்.பி.எச். உண்டு.

பிறகு நீ ஏன் இரண்டும் படித்தாய் என்று கேட்பாய். நாங்கள் இருந்த சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், பார்வதி அக்கா இருந்தார், திருநெல்வேலிப் பக்கம். இட்லி வியாபாரம். நான் கல்லூரியில் இருந்தபோது அவருக்கு டிபி, அதாவது காசநோய் வந்தது. வாரம் மூன்று நாள் மையத்துக்குப் போய், அங்குள்ளவர் கண் முன்னால் மாத்திரையை விழுங்க வேண்டும். மையம் திறப்பது இட்லி விற்கும் நேரத்தில். இரண்டு மாதத்தில் இருமல் குறைந்தது, போவதை நிறுத்திவிட்டார். மறுபடி வந்தது.

பாஸ்டன் வகுப்பில் இந்தியாவின் அந்த டிபி சிகிச்சைத் திட்டத்தைப் பெரிய வெற்றி என்று காட்டினார்கள். வெற்றிதான், லட்சக்கணக்கானவர்கள் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் வாரம் மூன்று நாள் என்று முடிவு செய்தது யார் என்ற கேள்விக்குச் சுகாதார வகுப்பில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. 1993இல் உலக சுகாதார நிறுவனம் டிபியை உலக அவசரநிலையாக அறிவித்தது, 1997இல் உலக வங்கிக் கடனோடு அந்தச் சிகிச்சைத் திட்டம் இந்தியாவில் விரிந்தது, யார் பணம் தந்தார்கள், யார் நிபந்தனை போட்டார்கள் என்பதெல்லாம் தெரு தாண்டி இன்னொரு கட்டிடத்தில், சர்வதேச ஆய்வுகள் வகுப்பில் படித்தேன். 2017இல்தான் இங்கே தினசரி மாத்திரை முறைக்கு மாறினார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று அம்மாவுக்கு போன் செய்தேன். பார்வதி அக்கா போய் நான்கு வருடம் ஆயிற்றே என்றாள் அம்மா.

உனக்கும் அப்படி ஒரு கேள்வி இருந்தால் மூன்று வருடமும் போ. இல்லையென்றால் தொற்றுநோயியல் எடுத்து எம்.பி.எச். மட்டும் படி. இம்மாதம் 25ஆம் தேதி வரை இங்கேதான் இருக்கிறேன். ஐ-20 தாளையும் லோன் தாளையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா, அப்பாவையும் கூட்டி வா.