நுகர்வோர் கேள்வி-பதில்: கிருமி கொல்லும் வடிகட்டிகள்

கே: வளவில் முற்றத்தை ஒட்டிக் காற்றுச் சுத்திகரிப்பான் வைத்தும் தூசி குறையவில்லை. கருவி பழுதா? (கானாடுகாத்தான்)

ப: வானம் பார்த்த முற்றத்துக்கு எந்தக் கருவியும் ஈடுகொடுக்காது, படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள்.

கே: வெள்ளி பூசிய இழை வடிகட்டி 99.9 விழுக்காடு கிருமிகளைக் கொல்லுமாமே, கூடுதலாக 4,000 ரூபாய் கொடுக்கலாமா? (காரைக்குடி)

ப: வேண்டாம். இந்த 99.9 என்னும் எண்ணைப் பெட்டியில் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. இழைகளின் கிருமி எதிர்ப்பைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. 20743 முறையில், பாக்டீரியாவை இழையின்மேல் இட்டு, 18 முதல் 24 மணி நேரம் வெதுவெதுப்பில் வைத்திருந்து, மிஞ்சியவற்றை எண்ணுகிறார்கள். உங்கள் அறைக் காற்றோ வடிகட்டியை நொடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடுகிறது. ஆகவே அந்த எண் இழையில் சிக்கிய பாக்டீரியாவைப் பற்றியது. நீங்கள் மூச்சிழுக்கும் காற்றைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அதிலும் இழைமேல் தூசி படிந்துவிட்டால் வெள்ளி கிருமியைத் தொடவே வழியில்லை. எச்13 தர ஹெப்பா வடிகட்டி, பிடிபடக் கடினமான நுண்துகள்களிலும் 99.95 விழுக்காட்டைப் பிடித்துவிடும் என்பதால், அந்தத் தரத்தையும் கருவி மணிக்குத் தரும் தூய காற்றின் அளவையும் கேட்டு வாங்குங்கள். விற்பவர் சதுர அடிக் கணக்குச் சொல்வார். அது தாழ்வான கூரைக்குப் போட்ட கணக்கு. 12க்கு 12 அடி அறை, நம் பழைய வீடுகளைப்போல 14 அடி உயரமிருந்தால், சுமார் 57 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுழல 285 கன மீட்டர் திறன் தேவை.

கே: கிருமி எதிர்ப்பு வடிகட்டிதானே என்று சோப்பு நீரில் அலசிவிட்டேன். 'கழுவக் கூடாது' என்று உறையில் இருந்ததைப் பிறகே பார்த்தேன். (பள்ளத்தூர்)

ப: உறையில் அச்சிடுவது படிப்பதற்காகத்தான். பல வடிகட்டிகளின் இழைகள் மின்னேற்றத்தால் துகளை ஈர்ப்பவை. சோப்பு நீர் அந்த மின்னேற்றத்தைப் போக்கிவிடும். புதிதாக வாங்குங்கள், ஆனால் பாதி விலை மாற்று வடிகட்டி வேண்டாம். நான் வாங்கியதில் ஓரத்து நுரைப்பட்டை இல்லாததால், காற்று இடுக்கு வழியே புகுந்து உள்சல்லடையில் கறுப்புக் கோடாகத் தூசி படிந்தது.

கே: மூச்சிரைப்பு உள்ள எங்கள் ஆச்சியிடம், 'அறைக் காற்றையே ஸ்டெரிலைஸ் செய்யும், மருந்தை நிறுத்திவிடலாம்' என்று சொல்லி ஒரு முகவர் 22,000 ரூபாய் வாங்கிவிட்டார். ரசீதும் இல்லை. (தேவகோட்டை)

ப: முதலில், மருத்துவரைக் கேட்காமல் ஆச்சி மருந்தை நிறுத்த வேண்டாம். அவரை யாரும் கடிந்துகொள்ளவும் வேண்டாம்; மூச்சுக்குத் தவிப்பவரிடம் இப்படி விற்றவருக்கே வெட்கம் வரவேண்டும். ரசீது தர மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம்தான். துண்டறிக்கை, பணம் அனுப்பிய பதிவு, முகவரின் குறுஞ்செய்திகள் ஆகியவற்றைச் சேர்த்துவைத்து 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணமில்லை.