மாத்திரை மீது பழி

உங்கள் அண்ணன் சர்க்கரை நோய்க்காகப் பதினைந்து ஆண்டுகள் மெட்ஃபார்மின் சாப்பிட்டார், இப்போது டயாலிசிஸில் இருக்கிறார்; அதனால் நீங்கள் இரண்டு மாதமாக அந்த மாத்திரையைத் தொடவில்லை. முடி உதிர்வு, வாயு, முழங்கால் வலி என்று எத்தனையோ எழுதியிருக்கிறீர்கள். கேட்க வந்தது ஒன்றுதான்: எனக்கும் அந்தக் கதிதானா?

இதைக் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்றுகூட ஒதுக்க முடியாது. மாத்திரைக்கும் டயாலிசிஸுக்கும் தொடர்பு இருக்கத்தான் செய்கிறது. ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர் யார்? ஆண்டுக்கணக்கில் சர்க்கரை உள்ளவர். சிறுநீரகத்தின் வடிகட்டிகளைப் பழுதாக்குவது அந்தச் சர்க்கரையும், கூடவே வரும் இரத்த அழுத்தமும். பழுதானபின் மெட்ஃபார்மின் உடலில் தேங்கும் என்பதால் மருத்துவர் அளவைக் குறைப்பார். வடிகட்டும் திறன் (லேப் சீட்டில் eGFR) 30க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார். உடனே, ‘டாக்டரே நிறுத்தச் சொல்லிவிட்டார், பார்த்தீர்களா?’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி கிளம்பிவிடும்.

பழி மாத்திரைக்கா நோய்க்கா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளிடம் 1977இல் தொடங்கிய ஆய்வில், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். நோய் முற்றியவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. 1998இல் முடிவு வந்தது. உடல் பருமன் உள்ளவர்களில், பெரும்பாலும் உணவுக் கட்டுப்பாட்டையே நம்பியிருந்தவர்களைவிட மெட்ஃபார்மின் பெற்றவர்களிடம் இறப்பு 36 சதவீதம் குறைவு.

என்னைத் தூக்கிவாரிப்போட்டது உங்கள் கடைசி வரி: ‘சிறுநீர் தினமும் நுரைக்கிறது, தண்ணீர் ஊற்றினாலும் போகவில்லை.’ சாதாரண நுரை தானே கலைந்துவிடும். கலையாத நுரை, புரதம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். இந்த வாரமே காலையில் கழிக்கும் முதல் சிறுநீரைக் கொடுத்து அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பாருங்கள். அல்புமின் என்பது கசியும் அந்தப் புரதம்; கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. கிராமுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மறுபரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். இரத்தத்தில் கிரியேட்டினின் நார்மல் என்று லேப் சீட்டைக் காட்டி நிம்மதி அடையாதீர்கள். அது ஏறுவதற்குள் சிறுநீரகத்தின் திறன் ஏறக்குறைய பாதி போயிருக்கும். கசிவு தொடங்கும் கட்டத்திலேயே பிடித்தால், மேலே போகாமல் தடுக்க மருந்துகள் இருக்கின்றன.

வாயுத் தொல்லை மெட்ஃபார்மினின் வேலைதான். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் அடங்கும். முடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முழங்காலுக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக் பற்றி மட்டும் உங்களுக்கு ஒரு பயமும் இல்லை! சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தைப் பதம்பார்க்கக் கூடியது அதுதான். இன்றோடு நிறுத்துங்கள். மருத்துவரிடம் போகும்போது, மெட்ஃபார்மினை நிறுத்தியதையும் இந்த வலி மாத்திரையையும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்பதை அவர் முடிவுசெய்யட்டும்.