மூட்டு ஊசி பழகுகிறவர்கள் கேட்டவை

மூட்டுக்குள்ளும் தசைநாண் உறையிலும் ஸ்டீராய்டு ஊசி போட இளம் டாக்டர்களுக்குச் சில வருடங்களாகப் பயிற்சி தருகிறேன். இந்த முறை வந்த கேள்விகளும் என் பதில்களும்:

கேள்வி: சார், எம்.பி.பி.எஸ். முடித்து டியூட்டி டாக்டராக இருக்கிறேன். இரண்டு நாள் ஒர்க்‌ஷாப் போய்வந்தால் முழங்காலுக்கு ஊசி போடலாமா?

பதில்: ஊசியைச் செலுத்த அந்த இரண்டு நாளில் வந்துவிடும். படுக்கவைத்து, காலை நீட்டித் தளர்த்தச் சொல்லுங்கள். முட்டிச் சில்லின் மேல்வெளி மூலையைத் தொட்டு, சில்லை லேசாக நகர்த்தினால் அடியில் இடைவெளி விரலுக்குத் தெரியும். உள்ளே போய்விட்டால் மருந்து வழுக்கிக்கொண்டு இறங்கும். பிஸ்டன் முரண்டு பிடித்தால் அழுத்தாதீர்கள், கொஞ்சம் இழுத்துத் திசை மாற்றுங்கள்.

ஆனால் முதலில் உறிஞ்சிப் பார்க்க வேண்டும். நீர் கலங்கலாக, சீழ் மாதிரி வந்தால் ஸ்டீராய்டு ட்ரேயிலேயே கிடக்கட்டும், நீர் லேபுக்குப் போகட்டும். கையில் மருந்து நிரப்பிய சிரிஞ்ச் இருக்கும்போது நிறுத்துவதுதான் கஷ்டம். அதற்கு ஒரு சீனியர் பக்கத்தில் நிற்க, பல முழங்கால்கள் பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போட வீட்டிலேயே பழக வழி உண்டா?

பதில்: கறிக்கடைக் கோழித்தொடை போதும், தோலோடு வாங்குங்கள். ஜெல் தடவி ஊசி நுனியைத் தேடுங்கள். புதியவர்கள் பலர் ஊசித்தண்டின் குறுக்குவெட்டாகத் தெரியும் புள்ளியை நுனி என்று நம்பிவிடுவார்கள். நுனி அதற்குள் ஒரு சென்டிமீட்டர் தாண்டிப் போயிருக்கும். (அப்புறம் அந்தக் கோழியைக் குழம்பு வைக்காதீர்கள்.)

கேள்வி: டென்னிஸ் எல்போவுக்கு (முழங்கையின் வெளிப்பக்க வலி) ஊசி போட்டால் உடனே குறைகிறது, பிறகு திரும்பிவிடுகிறதே?

பதில்: அதனால்தான் அதை இப்போது அதிகம் போடச் சொல்வதில்லை. 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் 198 பேர். 6 வாரத்தில் ஊசிதான் முன்னால் நின்றது, 52 வாரத்தில் பிசியோதெரபியைவிடப் பின்தங்கிவிட்டது. முதல் மாதத்தில் வரும் நன்றியை வைத்து நம் திறமையை அளந்துகொள்கிறோம்.

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு மணிக்கட்டில் ஊசி போட்ட இடம் வெளுத்துவிட்டது. வெண்புள்ளி நோயா?

பதில்: இல்லைம்மா. மருந்து தோலுக்கடியில் கசிந்தால் நிறம் வெளுக்கும், கொழுப்பு கரைந்து லேசாகக் குழியும் விழும். பெரும்பாலும் சில மாதங்களில் தேறும், சிலருக்கு ஒரு வருடத்தைத் தாண்டும். போட்ட டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பழகிய காலத்தில் ஒரு தையல்காரப் பெண்ணுக்குப் பெருவிரல் பக்கம் ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டைப் போட்டேன். ஒரு ரூபாய்க் காசளவு வெள்ளை. நம் தோல் நிறத்தில் பளிச்சென்று தெரியும். ஆறு மாதம் அகலமான வாட்ச் பட்டையால் மறைத்துக்கொண்டார். இப்படி ஆகலாம் என்று அவரிடம் முன்கூட்டியே நான் சொல்லவே இல்லை. தோலுக்கு அருகில் போடும்போது அளவைக் குறையுங்கள், வீரியம் குறைந்த மருந்தை எடுங்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள்.

கேள்வி: நான் பிசியோதெரபிஸ்ட். இங்கிலாந்தில் பிசியோக்களே போடுகிறார்களாமே?

பதில்: ஆமாம், 1990களின் நடுவிலிருந்து. அதற்குத் தனிப் படிப்பும் மேற்பார்வையில் பயிற்சியும் உண்டு. இங்கே ஊசி டாக்டர் கையில்தான்.

கேள்வி: சர்க்கரை நோயாளிக்குப் போடலாமா சார்?

பதில்: கட்டுக்குள் இருந்தால் போடலாம். சில நாள் சர்க்கரை ஏறும், ஒரு வாரம் வீட்டில் பார்க்கச் சொல்லுங்கள். 300ஐத் தாண்டினால் யாருக்குப் போன் செய்வது என்று சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.