கோர் கணக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறையில் பால் கொள்முதல் கணக்குக்கான சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். கடையில் இருக்கும் பெட்டியில் 8 கோர், அதாவது கணக்குப் போடும் எட்டு மூளைகள். லினக்ஸ் 16 என்கிறது. வாடகைக்கு எடுத்த வி.எம்.மில், அதாவது வேறொருவர் இயந்திரத்துக்குள் ஓடும் மெய்நிகர் கணினியில், 4. ஆனால் அது பூட் ஆகும்போது 128 சிபியுவை அனுமதிப்பதாக ஒரு வரி வருகிறது. அதற்குள் என் புரோகிராமைத் தனியாக அடைத்து ஓட்டும் கண்டெய்னரை 2 சிபியுவுக்கு மட்டுப்படுத்தினேன். உள்ளே போய், சிபியு எண்ணிக்கை சொல்லும் என்ப்ராக் கட்டளையை அடித்தால் மறுபடியும் 4. காலையில் பால் எடுக்கிற நேரத்தில் எல்லாம் திணறுகிறது. லினக்ஸின் மையமான கெர்னல் பொய் சொல்கிறதா? விண்டோஸ் சரியாக எண்ணுமா?

அன்புள்ள தம்பி,

கெர்னலைப் பொய்யன் ஆக்குவதற்கு முன் அது யாரிடம் கேட்டு எண்ணுகிறது என்று பார்த்திருக்கலாம். விண்டோஸை விடுங்கள், அதுவும் இதே வாசலில்தான் நிற்கிறது. 8 என்பது 16 ஆவதும் பழைய கதை: ஒரே கோரில் இரண்டு வேலைகளைச் சேர்த்து ஓட்டும் ஹைப்பர்த்ரெடிங்கை 2002-இல் இன்டெல் கொண்டுவந்ததிலிருந்து ஒரு கோர் இரண்டாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

நம் வீட்டு பி.சி. வகை இயந்திரங்களில், ஏசிபிஐ என்ற பொது முறைப்படி, போர்டிலேயே இருக்கும் ஃபர்ம்வேர் என்ற புரோகிராம் மெமரியில் ஒரு பட்டியலை வைத்துவிடும். ஒரு ப்ராசஸருக்கு ஒரு வரி. கெர்னல் அதை நம்பி, ஒவ்வொன்றையும் எழுப்பிப் பார்க்கும். வி.எம்.மில் அந்தப் பட்டியலைத் தருவதே, வி.எம்.மை உருவாக்கி ஓட்டும் ஹைப்பர்வைசர் தரப்புதான். சிபியுஐடி என்ற கட்டளையால் ப்ராசஸரையே நேரில் கேட்டாலும், குறுக்கே வந்து பதில் சொல்வது அதே ஆள்.

எங்கள் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, வீடு கேரள எல்லைக்குள் வேலந்தாவளத்தில். ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும். அவருக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. கடைக்காரர் படித்துச் சொன்னதுதான் குடும்பம். பொள்ளாச்சிக்குக் கட்டிக்கொடுத்த சித்தி பெயர் அதில் இருந்தது, திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்ட மாமா பெயரும் இருந்தது. அம்மாயி, அவர் மனைவி, உலை வைக்கும்போது கார்டைப் பார்க்கமாட்டாள். திண்ணையை எட்டிப் பார்ப்பாள், அப்புறம் உள்ளே போய் அரிசி அளப்பாள். படியில் மேலே கூம்பாக நிற்பதை உள்ளங்கையால் வழித்துவிடுகிற அந்தக் கை இன்னும் நினைவிருக்கிறது.

லினக்ஸும் பாசிபிள் (வரக்கூடியவை), பிரசன்ட் (வந்திருப்பவை), ஆன்லைன் (வேலையில் இருப்பவை) என்று தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறது. உங்கள் 128 கார்டில் உள்ள பெயர்கள். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதிவைத்தவை. வராத அந்த 124 பேருக்கும் சேர்த்துக் கெர்னல் கொஞ்சம் மெமரி ஒதுக்குகிறது, பாவம்.

சரி, திணறலுக்கு வருவோம். கண்டெய்னருக்கு நீங்கள் போட்ட 2 என்பது ஆள் கணக்கே அல்ல, நேரக் கணக்கு. வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு 100 மில்லிசெகண்டுக்கும் எல்லா சிபியுவும் சேர்த்து 200 மில்லிசெகண்ட் சிபியு நேரம் தருவேன் என்று பொருள். உங்களிடம் இருக்கும் என்ப்ராக் அதைப் பார்ப்பதில்லை. எந்தெந்த சிபியுவில் ஓட அனுமதி உண்டு என்பதை மட்டும் பார்த்து 4 என்கிறது. உங்கள் புரோகிராம் அதை நம்பி நான்கு த்ரெட்களை, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளை, திறக்கிறது. நான்கும் முழு மூச்சில் ஓடினால் 50 மில்லிசெகண்டில் 200-உம் தீர்ந்துவிடும். மீதி 50-க்கும் நான்கும் கைகட்டி நிற்கும். அடுத்த 100-இலும் அதே கதை. வரிசையில் கேனோடு நிற்கிறவர்கள் இருக்க, நீங்கள் கெர்னலைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். எத்தனை என்று கேட்டீர்களே, எவ்வளவு நேரம் என்று ஒருமுறையாவது கேட்டீர்களா? லினக்ஸின் சொந்த ஹைப்பர்வைசரான கேவிஎம் வகை வி.எம். என்றால் அந்த 4 சிபியுவுமே வெளி இயந்திரத்தில் வெறும் நான்கு த்ரெட்கள்தான். அங்கேயும் முறை வரக் காத்திருக்க வேண்டும்.

த்ரெட் எண்ணிக்கையை நீங்களே கையால் 2 என்று வையுங்கள். பிறகு காலை நெரிசலில் இரண்டு எண்களைப் பாருங்கள்: வி.எம்.மில் டாப் கட்டளை காட்டும் எஸ்.டி. (வெளியே முறை வரக் காத்திருந்த நேரம்), கண்டெய்னரின் சிபியு.ஸ்டாட் கோப்பில் த்ராட்டில்டு (வரம்பு தீர்ந்து நிறுத்தப்பட்டது) என்று வரும் எண். முதலாவது ஏறினால் வாடகைக்கு விட்டவரிடம் பேசுங்கள். இரண்டாவது ஏறினால் நீங்கள் போட்ட வரம்பு போதவில்லை. எனக்கு அனுப்புவதென்றால் எழுத்தாகவே அனுப்புங்கள் தம்பி, ஸ்கிரீனை மொபைலில் சாய்வாகப் படம் எடுத்து அனுப்ப வேண்டாம்.